மூன்றாவது ஆல்பத்தில் இருக்கும் அப்பா

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அச்சிலிருந்து எடுத்த பல் செட்டைச் சின்ன மோட்டாரில் தேய்த்து, ஈறில் உறுத்தாதபடி வழுவழுப்பாக்குவது அவள் வேலை. வாயில் முகமூடி, கண்ணில் கண்ணாடி, காதில் மோட்டார் இரைச்சல். அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

அடுத்த மேசையில் மெழுகில் பல் பதிக்கிறவருக்கு மெழுகு என்றே பெயர் விழுந்துவிட்டது. இரண்டு பெண்களைப் பெற்றவர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. 'கண்ணாடி யானை' என்ற ராக் குழு. வெறும் ராக் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். புரோகிரெசிவ் ராக் என்று திருத்துவார். ஒரு பாட்டு அரைமணி நேரம் ஓடும். நடுவில் தாளம் மாறும், பாடுகிறவன் காணாமல் போவான், அவன் திரும்பி வரும்போது வேறு பாட்டு நடந்துகொண்டிருக்கும்.

"ஒரே ஒரு தடவை கேளுங்க பல்லக்கா. பிடிக்கலைன்னா அப்புறம் நான் வாயே திறக்கல" என்று பல மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி யானையில் பாஸ் கிதார் வாசித்துப் பாடுகிறவன் பல்லக்காவின் கூடப்பிறந்த அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்தபோது அம்மா உயிரோடு இல்லை. "ரெண்டு மாசம் சமாளி பாப்பா. ரெக்கார்டிங் முடிஞ்சதும் வந்துடறேன்" என்று அண்ணன் கிதாரைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கல்லூரியை விட்டாள். இரண்டு மாதம் ஒன்பது வருஷமானது. அவன் வந்தது அப்பா செத்த அன்றுதான். ஒரு நாள் இருந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கடைசிவரை கழற்றவில்லை. அதற்கப்புறம் அவன் குரல் எந்தக் கடையில் ஒலித்தாலும் அவள் வாங்க வந்ததை வாங்காமல் வெளியேறிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை மெழுகு இரண்டு டிக்கெட்டோடு வந்தார். கண்ணாடி யானை இந்த ஊருக்கு வருகிறது, மூன்றாவது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசிக்கப்போகிறது. "என் வீட்டுக்காரி வரமாட்டேன்னுட்டா. அந்த இரைச்சலுக்கு மிக்ஸியைப் போட்டு உக்காந்துக்கலாமாம். நீங்க வாங்க பல்லக்கா."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்புறம் ஒரு வீம்பு வந்தது. வீட்டையும் அப்பாவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய் அப்படி என்னத்தைக் கிழித்தான் என்று பார்த்துவிடலாம்.

"சரி, அனுப்புங்க. முதல்லேர்ந்து கேக்கறேன்."

மெழுகுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவள் போனுக்கு எல்லா ஆல்பத்தையும் ஏற்றிக் கொடுத்தார்.

முதல் ஆல்பத்தின் பெயர் 'வெளிச்சக் கிணறு'. சாப்பாட்டு இடைவேளையில் இயர்போனை மாட்டிக்கொண்டு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை தட்டினாள். "பொறுங்க, காத்து வீசுது. இன்னும் பாட்டு வரல" என்றார் மெழுகு. பாட்டு வந்தபோது கிதாரும் ஆர்கனும் ஆளுக்கொரு பக்கம் ஓடின. சண்டை பிடித்த புருஷன் பெண்டாட்டி ஒரே அடுப்படியில் சமைப்பதுபோல இருந்தது. 'இதுக்கா காலேஜை விட்டேன்' என்று அவளுக்கு நெஞ்செல்லாம் கசந்தது.

இரண்டாவது ஆல்பம் 'எட்டாத எட்டு'. எட்டு எண்ணி முடிக்கவேண்டிய தாளத்தை ஒவ்வொரு முறையும் ஏழிலேயே வெட்டிவிடுகிறார்கள் என்று மெழுகு விரல் விட்டுக் காட்டினார். முதல் தடவை எரிச்சலாக இருந்தது. இரண்டாம் தடவை, மோட்டாரில் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை தானாகவே அந்த ஏழுக்கு ஏற்ற மாதிரி அழுத்தி அழுத்தி எடுத்தது. ஒரு இடத்தில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி, அண்ணனின் பாஸ் கிதார் மட்டும் படி இறங்குகிற ஆள்போல நிதானமாக இறங்கியது. நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பையாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

"மூணாவதை மட்டும் இங்க கேக்காதீங்க" என்று மெழுகு எச்சரித்தார். "வீட்ல தனியா கேளுங்க. நான் ஒவ்வொரு தடவையும் அழுவேன். 'அப்பாவின் அறை'ன்னு பேரு. முழுக்க ஒரே பாட்டு. அந்தப் பாடகரோட அப்பா படுத்த படுக்கையா இருந்தாராம். கச்சேரி எல்லாத்தையும் விட்டுட்டு இவரே கூட இருந்து பாத்துக்கிட்டாராம். எத்தனையோ பேட்டியில சொல்லியிருக்காரு. மனுஷன்னா அவர்தான் பல்லக்கா!"

பல்லக்கா மோட்டாரை நிறுத்தினாள். கையிலிருந்த பல் செட்டை மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே, அப்போதே அதைப் போட்டாள்.

முதலில் எந்த வாத்தியமும் இல்லை. இரும்பில் விரலால் தட்டும் சத்தம் மட்டும். டக் டக். டக். டக் டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி, டக் டக். டக். டக் டக்.

அவள் கை தண்ணீர்க் குவளையைத் தேடிப் போய்விட்டது.

அப்பாவுக்குப் பேச்சு போனபின் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டித்தான் தண்ணீர் கேட்பார். அப்படித்தான் தட்டுவார். ஒரு நாள் போனில் அண்ணனுக்கு அதை அவளே தட்டிக் காட்டியிருந்தாள். கேட்டாலாவது வருவானோ என்று. "இன்னொரு தடவை தட்டு பாப்பா" என்று அவன் கேட்டான். பாசத்தில் கேட்கிறான் என்று நினைத்து இன்னொரு தடவையும் தட்டினாள்.

அந்தத் தட்டல் சத்தத்தின்மேல் டிரம்ஸ் ஏறியது, ஆர்கன் ஏறியது, பிறகு அண்ணன் பாடினான். உன் நாக்கில் என் விரலால் ஈரம் தொட்டு வைத்தேன் என்றான். உன் முதுகுப் புண்ணுக்கு நான் கண் விழித்தேன் என்றான். உன் நகத்தை வெட்டும்போது நீ என் பெயரைச் சொன்னாய் என்றான். உண்மைதான், அப்பா கொஞ்சம் பேச முடிந்த நாட்களில் அண்ணன் பெயரைத்தான் சொன்னார். நகம் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். அதையும் அவள்தான் போனில் சொன்னாள்.

மெழுகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல? அழுகை வரும்னு" என்றார்.

"அழுகையா?" என்றாள். "அந்த அப்பா என் அப்பா. அந்தப் புண்ணைக் கழுவினது நான். இவன் எட்டிக்கூடப் பாக்கல."

மெழுகுக்கு அது உள்ளே இறங்க வெகுநேரம் பிடித்தது. இறங்கியதும் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கச்சேரி நாள் மத்தியானமே அவள் அரங்கத்துக்குப் போய்விட்டாள். மெழுகும் கூடவே வந்தார். வாசலில் தடுத்த ஆளிடம், "பாடறவரோட தங்கச்சி. மூஞ்சியப் பாத்தா தெரியலையா?" என்றாள். தெரிந்தது. அந்த மூக்கு அப்பா இருவருக்கும் கொடுத்தது.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் தாடிக்காரர் ஒருவர். மெழுகு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த 'இடி' அவர்தான். அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கிதாரைக் கழற்றாமலே மேடை ஓரம் வந்தான்.

"பாப்பா! சொல்லியிருந்தா முன் வரிசையில டிக்கெட் குடுத்திருப்பேனே."

"அப்பாவோட புண்ணு எங்க இருந்துச்சு?"

"என்னம்மா இது, வந்ததும் வராததுமா?"

"முதுகுல எந்தப் பக்கம்? நீதானே கண் முழிச்சுப் பாத்துக்கிட்ட. சொல்லு."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "அது பாட்டும்மா. பாட்டுல 'நான்'னு வந்தா அது நானேதான்னு அர்த்தமில்ல. கேக்கற ஒவ்வொருத்தரும் அந்த 'நான்'தான். கலைன்னா அப்படித்தான்."

"பேட்டியில சொன்னியே, அதுவும் கலையா? அங்கயும் 'நான்'னா ஊர்ல இருக்கறவங்க எல்லாருமா?"

அண்ணன் மேடை விளிம்புக்கு இன்னும் நெருங்கி வந்தான்.

"முதல் தடவை ஒருத்தர் கேட்டாரு, நீங்கதானே பாத்துக்கிட்டீங்கன்னு. தலையாட்டிட்டேன். அதுக்கப்புறம் எல்லாரும் அதையே கேட்டாங்க. எப்படி மாத்திச் சொல்றது? எனக்கும் வலி இல்லையா பாப்பா? வர முடியலையேங்கற வலி..."

"அதைப் பாடியிருக்கலாமே! வரலன்னு பாடியிருந்தா நானே கைதட்டியிருப்பேன். உனக்கு அப்பா வேணும், அப்பாவோட மூத்திரம் வேணாம். அதைத் துடைச்சவளும் வேணாம். சத்தத்தை மட்டும் எடுத்துக்கிட்ட. பாப்பா பாப்பான்னு கூப்பிடாத. எனக்கும் தலை நரைச்சாச்சு!"

அரங்கம் வெறுமையாக இருந்ததால் அவள் கத்தியது சுவரில் மோதித் திரும்பி வந்தது. இடி எழுந்து முன்னால் வந்தார். கையில் குச்சிகள் இருந்தன.

"இவங்க சொல்றது நெசமா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் கிதாரின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கப்பா செத்தப்போ டூர்ல இருந்தேன்" என்றார் இடி. "ஊருக்குப் போகாம உன்கூட வாசிச்சேன். வீட்டுக்குப் போறேன்னு சொல்லி நீ கச்சேரியை விட்டுட்டுப் போனதையெல்லாம் நம்பினேன். நீ உங்கப்பாவைப் பாத்துக்கிட்டவன், நான் பாவின்னு நினைச்சுக்கிட்டே இத்தனை வருஷம் அந்தத் தட்டலை வாசிச்சிருக்கேன்டா." குச்சிகளை நாற்காலியில் வைத்தார். "சாயங்காலம் மேடையில நீயே சொல்லு. சொல்லாம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. பல்லக்கா நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது. அண்ணன் மைக் முன்னால் வந்து, "இந்த ஆல்பம் உருவாகக் காரணமா இருந்த என் குடும்பத்துக்கு நன்றி" என்றான்.

குடும்பமாம். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

இடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிசப்தம் நீண்டது. இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒருவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ரசித்தார். "இவங்க ரசிகர்கள் எதையும் ரசிப்பாங்க" என்று மெழுகு முணுமுணுத்தார்.

அண்ணன் திரும்பி இடியைப் பார்த்தான். இடி அசையவில்லை. அவன் மறுபடி மைக்கைப் பிடித்தான். இந்த முறை குரல் பாடகன் குரலாக இல்லை.

"எங்கப்பாவை நான் பாத்துக்கல. அவர் சாகற வரைக்கும் நான் வீட்டுக்கே போகல. பாத்துக்கிட்டது என் தங்கச்சி. இதுல வர்ற எல்லாமே அவ போன்ல சொன்னது. நான் பொய் சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. எங்கோ ஒரு நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து போனார்கள். அப்புறம் இடி தட்டத் தொடங்கினார்.

அந்த டக் டக் வந்ததும் பல்லக்காவால் உட்கார முடியவில்லை. வென்ற மாதிரியும் இல்லை. கோபம் குறைந்த மாதிரியும் இல்லை. இத்தனை பேருக்கு நடுவில் அப்பா தண்ணீர் கேட்கிறார், ஒருவரும் எழுந்து கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. வரிசையைத் தாண்டி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். சுவருக்குப் பின்னால் பாட்டு முழுதும் ஓடி முடிந்தது. அவள் அழுதாள், அழுதுகொண்டே வாய்க்கு வந்தபடி அண்ணனைத் திட்டினாள். கதவருகே நின்றிருந்த காவலாளி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணன் நான்கைந்து முறை போன் செய்தான். ஒரு முறை எடுத்தாள். "மன்னிச்சிடு" என்றான், பெயர் சொல்லிக் கூப்பிட்டு. "பாக்கலாம்" என்றாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பட்டறையில் மெழுகு அவளைப் பார்க்கவே கூசினார். அவள் இன்னும் கேட்காத கண்ணாடி யானையின் நான்காவது ஆல்பத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தன் மேசையிலிருந்த அந்தக் குழுவின் படத்தையும் எடுத்துவிட்டிருந்தார். சில நாள் கழித்து அவளாகவே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதே மாதிரி நீள நீளமா வாசிக்கிற வேற குழு எதுவும் இருக்கா?"

மெழுகு நம்பாமல் பார்த்தார். "நிறைய இருக்கு பல்லக்கா. உங்களுக்கு நெசமாவே பிடிச்சிருக்கா?"

"ரெண்டாவது ஆல்பத்துல வர்ற அந்த ஏழு தட்டு பிடிச்சிருக்கு. கை நல்லா ஓடுது. தங்கச்சி இல்லாத ஆளாப் பாத்துக் குடுங்க."

மெழுகு சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.