கோடு தாண்டாத தேனீக்கள்

மழலையர் பள்ளியில் தேனீ வாரமாம். அங்கே இருக்கிற டீச்சர்களில் ஒருத்தியாவது தேனீயைக் கிட்டத்தில் பார்த்திருப்பாளா என்பதே சித்திக்குச் சந்தேகம். ஆனாலும் தேனீ, வண்ணத்துப்பூச்சி, வௌவால் என்று அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. பிள்ளைகள் அவற்றுக்கு வண்ணம் தீட்டினால் மகரந்தச் சேர்க்கை தானாக மண்டையில் ஏறிவிடுமாம். வாசலில் அழகுக்கு வைத்திருந்த பூச்செடிகளோ அத்தனையும் பிளாஸ்டிக். அவற்றின் மேல் எந்தத் தேனீ வந்து உட்காரும்?

சித்தி சிரித்துவிட்டுப் போயிருப்பாள். பொம்முவின் விஷயம் அதில் மாட்டிக்கொண்டதால்தான் சிரிக்க முடியவில்லை. பொம்மு அவளுடைய அக்கா மகள், நாலு வயது. வீட்டில் பேச ஆரம்பித்தால் காது புளித்துவிடும். பள்ளிக்குள் நுழைந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்காட்சி அன்று தன் படத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் மேல் வகுப்பு, இல்லாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று பிரின்சிபால் அம்மாள் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். பெரிய நீதிபதி! வீட்டுக்கு வந்து அக்கா அழுது தீர்த்தாள்.

தாள் வீட்டுக்கு வந்தது. பால்கனித் தொட்டியில் ஒரு பூசணிக்கொடி உண்டு. தினமும் காலையில் பல்கூடத் தேய்க்காமல் பொம்மு அதன் முன்னால் குந்திக்கொள்வாள். தேனீ பூவுக்குள் குப்புற விழுந்து, புரண்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வெளியே வரும். அதனால் அவள் தீட்டிய தேனீயும் முழுக்க மஞ்சள்தான். கண், கால், இறக்கை எதையும் விடவில்லை. கோட்டுக்கு வெளியிலும் மஞ்சள். பறக்கும்போது தூள் கொட்டாதா என்று சித்தியையே திருப்பிக் கேட்டாள். கிரேயான் விரல் நுனியில் நிற்காத அளவுக்குத் தேய்ந்துபோனது.

"இத ஸ்கூல்ல நானே சொல்வேன் சித்தி" என்றாள்.

அக்காவுக்கு அதைக் கேட்டு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கண்காட்சி அன்று அக்காவுக்கு வேலையிலிருந்து விடுப்பு கிடைக்கவில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் சித்திதான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். சுவர் முழுக்கத் தேனீக்கள். எல்லாம் ஒரே தேனீ. மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை, நீல இறக்கை, பக்கத்தில் சிவப்புப் பூ. ஒன்றாவது கோட்டைத் தாண்ட வேண்டுமே! நாலு வயதுக் கைகளாம், நம்பிக்கொள்ள வேண்டும். வந்திருந்த பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரைத் தேடிப்பிடித்துப் பூரித்துப்போய் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொம்முவின் பெயருக்கு மேலேயும் அதே பட்டை போட்ட தேனீ.

சித்தி வகுப்பு மிஸ்ஸைப் பிடித்துக் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம்கூடக் கூசவில்லை. பார்க்க நீட்டாக இருக்க வேண்டும் என்று டீச்சர்களே உட்கார்ந்து புதுத் தாளில் தீட்டினார்களாம், எல்லா வருஷமும் அப்படித்தானாம். பிள்ளைகள் தீட்டியதெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது.

"உங்க பொண்ணு கலரே தப்பாப் போட்டிருந்தா" என்று வேறு சொன்னாள்.

சித்திக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். ஆனால் சண்டை போட்டால் பொம்மு மிரண்டுபோவாள், இருக்கிற ஒரு வாய்ப்பும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிரின்சிபால் மைக்கோடு வந்தாள். பிள்ளைகள் வரிசையாக, தேனீ நம் நண்பன், தேனீ நம் நண்பன் என்று ஒப்பித்தார்கள். ஏன் நண்பன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. பொம்முவின் முறை வந்தது. அவள் படத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வாய் திறக்கவில்லை. பிரின்சிபால் சித்தியைப் பார்த்து, நான்தான் அப்போதே சொன்னேனே என்கிற ஒரு சிரிப்புச் சிரித்தாள். சித்தி முடிவே கட்டிவிட்டாள். போச்சு, இன்னொரு வருஷம்.

"இது நான் போட்டது இல்ல."

மைக்கில் அந்தக் குரல் கணீரென்று கேட்டது. போட்டோ எடுத்தவர்கள் திரும்பினார்கள்.

"என் தேனீ ஃபுல்லா மஞ்சள். பூவுக்குள்ள விழுந்துச்சுல்ல, அந்தத் தூளு. அத இன்னொரு பூவுல கொண்டுபோய்க் கொட்டும். அப்பதான் காய் வரும். இதுல தூளே இல்ல, இது சும்மா."

"என்னுதும் நான் போடல" என்றது பக்கத்தில் நின்ற பிள்ளை. அதற்கடுத்ததும் அதையே சொன்னது. பெற்றோர்கள் சுவரைப் பார்த்தார்கள், மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் தரையைப் பார்த்தாள்.

பிரின்சிபால் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "ஷ்... போதும் கண்ணு. வாய மூடிட்டு நில்லு."

பொம்மு மூடவில்லை. காய் எப்படிப் பெரிதாகும் என்பதற்குப் போய்விட்டாள். சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பிரின்சிபாலின் கையை மைக்கிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"பேசட்டும் மேடம். பேசலன்னு தானே ஃபெயில் பண்ண இருந்தீங்க?"