லாண்டரிக்காரம்மாவிடம் மிஞ்சிய சொற்கள்

லாண்டரிக்காரம்மா ஒரு நாள் காலை வாய் கொப்பளித்துத் துப்பியபோது அவருடைய சொற்கள் தண்ணீரோடு போய்விட்டன. 'மரு' என்ற இரண்டெழுத்து இருந்தவை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு தங்கின. அடைப்பு எடுக்க வந்த குழாய்க்காரர் 'கஞ்சி', 'காலர்', 'கரண்டு பில்' என்று ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டி வெளியே இழுத்தார். "ஊறிப்போச்சுங்க, இனி தேறாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

எட்டு வருஷமாக அந்தக் கடையில் இஸ்திரி போட்டவள் மருமகள். அதுவரை மாமியார் அவளை "ஏய், இவளே" என்றுதான் கூப்பிடுவார். இப்போது வேறு வழியில்லாமல் பொழுது விடிந்தால் "மருமகளே, மருமகளே" என்றார். முதல் தடவை அதைக் கேட்ட திகைப்பில் அவள் ஒரு சட்டையைக் கருக்கிவிட்டாள். புரியாத சொற்களுக்காகத் தடிமனான அகராதி ஒன்றை வாங்கி சோப்புத்தூள் டப்பா பக்கத்தில் வைத்தாள். பல் துருத்திய வாடிக்கையாளர் ஒருவர் கறை போகவில்லை என்று கத்தியபோது மாமியார் நிதானமாக "மருப்பு" என்றார். புரட்டிப் பார்த்தால், யானைத் தந்தம். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் துணிமூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சொல்தான் குறைந்திருந்தது, வாய் குறையவில்லை.

மகனுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார். "மருட்டாதே" என்றார் அம்மா. அதற்கு அகராதி தேவைப்படவில்லை. பிறகு மருமகளின் கையைப் பிடித்து, மெதுவாக, "மருங்கு" என்றார். இடுப்பு என்று போட்டிருந்தது. அதன் கீழே, பக்கம். எட்டு வருஷத்தில் அந்தக் கை அவளைத் தொட்டதே இல்லை.

"நீங்க போங்க. நான் அத்தை பக்கத்துலயே இருக்கேன்."

"பேச்சே வராதவங்களோட என்ன பண்ணப்போறே?"

"எங்களுக்குள்ள இப்பதாங்க பேச்சுவார்த்தையே ஆரம்பிச்சிருக்கு."

அவர் கோபித்துக்கொண்டு போனார். ஓட்டல் சாப்பாடும் தனி அறையும் ஒத்துக்கொள்ளாமல் அடுத்த வருஷமே பெட்டியோடு திரும்பினார். வாசலில் நின்றவரைப் பார்த்து அம்மா கூப்பிட வாயெடுத்தார். 'மகன்' என்ற சொல் அவரிடம் இல்லை. கொஞ்ச நேரம் வாய்க்குள் துழாவிவிட்டு, முகமெல்லாம் மலர, "மருமகன்!" என்றார்.

அதுவே நிலைத்துவிட்டது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இரண்டு பேரையும் அவர் கூப்பிடுகிற விதத்தைக் கேட்டுக் குழம்பினார்கள். கடைசியில், அந்தம்மா தோளில் சாய்ந்து டீ குடிக்கிறவள் பெற்ற மகள், அந்த மனுஷர் வீட்டோடு மாப்பிள்ளை என்று முடிவுகட்டினார்கள். மூன்று பேரில் யாரும் அதைத் திருத்தவில்லை.