நல்ல கன்னம்

இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கிளம்பிய வலி காதுவரை போய், அங்கிருந்து தலைக்கு ஏறியது. விடியும்வரை உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்துவிட்டு, மிட்டாய் கம்பெனிக்கு வந்து நின்றேன். விடுமுறை சீசன். காலையில் பெல்ட் ஓடத் தொடங்கினால் இருட்டும்வரை நிற்காது.

சீசனில் டீ நேரம் கிடையாது. அதற்குப் பதிலாக பெல்ட் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய உடைந்த மிட்டாய். "பசிச்சா எடுத்து வாயில போட்டுக்கங்க, யாரு கேக்கப் போறா" என்று சூப்பர்வைசர் பெரிய மனசு பண்ணிச் சொல்வார். கை டப்பாவில் மிட்டாயை அடுக்கும், வாய் மிட்டாயைச் சப்பும். ஒன்று கரைந்தால் இன்னொன்று. எனக்கு இது மூன்றாவது சீசன்.

இந்த வருசம் டப்பாவுக்குள் ஒரு சின்ன பிரஷ்ஷும் நோட்டீஸும் வைக்கச் சொன்னார்கள். 'விடுமுறையிலும் பற்களைக் காப்போம். இனிப்பை நாள் முழுதும் கொறிக்காதீர்கள். சாப்பாட்டோடு சாப்பிட்டு, உடனே தண்ணீர் குடியுங்கள்.' வீங்கின கன்னத்தோடு அதை எடுத்து எடுத்து வைத்தேன். என் பக்கத்தில் நிற்பவளை ரேடியோ என்போம், வாய் மூடாது.

"வாங்குறவங்களுக்கு பிரஷ், நமக்கு உடைசல். நல்லா இருக்குடி நியாயம்" என்றாள்.

மத்தியானம் ஒரு பல் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். எங்கள் பல்லையும் கம்பெனி கவனிக்கிறதாம். அவர் கையில் ஒரு டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும்தான்.

"இனிப்பு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுவீங்க?"

"தடவைன்னு இல்லை டாக்டர். வாய் ஓயறதே இல்லை."

"அதுதான் பல்லை அரிக்குது. நடுநடுவுல தண்ணியாவது குடிங்க."

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போனா பெல்ட்டை யாரு பாக்குறது?"

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.

"இந்த வாரமே கிளினிக்குக்கு வாங்க. பல்லைக் காப்பாத்திடலாம். விட்டா பிடுங்கத்தான் வேணும்" என்றார். கிளினிக் சாயங்காலமே மூடிவிடும். விடுமுறை வந்தால் அதுவும் பூட்டு.

சூப்பர்வைசரிடம் அரை நாள் கேட்டேன்.

"சீசன்ல லீவா? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா."

"கடிக்க முடியாமத்தானே அண்ணே கேக்கறேன்."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போட்டோக்காரரோடு வந்தார். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஒரு பெண் வேண்டுமாம். ரேடியோவுக்கு முன்பல் இரண்டு இல்லை. மற்றவர்கள் வாயும் அந்த லட்சணம்தான். என் முன்வரிசை மட்டும் ஒழுங்கு.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "நில்லும்மா. நாளைக்கு மத்தியானம் நீ கிளம்பிடு. அது என் பொறுப்பு."

நின்றேன்.

"வீக்கம் தெரியுது. நல்ல கன்னத்தை இந்தப் பக்கம் காட்டுங்க" என்றார் போட்டோக்காரர். காட்டினேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் பையை எடுத்தேன். "ஆர்டர் கூடிடுச்சு, நாளைக்குப் பாப்போம்" என்றார் சூப்பர்வைசர். அதற்கடுத்த நாளும் அதே பேச்சு. மீறிப் போனால் கேட்டிலேயே வேலை கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். போன சீசனில் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார்கள். அவள் வீட்டில் சம்பாதிக்க இன்னொரு ஆள் இருந்தது. என் வீட்டில் இல்லை.

விடுமுறை முழுக்க கஞ்சியும் மாத்திரையும். கிளினிக் திறந்த அன்று பல்லைப் பிடுங்கினார்கள். "ஏம்மா அப்பவே வரலை?" என்று டாக்டரம்மா கேட்டார். வாயில் பஞ்சு இருந்தது.

வேலைக்குத் திரும்பினபோது கேட்டில் என் படம், ஆளுயரத்துக்கு. பிரஷ், சிரிப்பு, நல்ல கன்னம். அதற்குக் கீழேயே சூப்பர்வைசர் நின்றிருந்தார். வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினேன்.

"அண்ணே, என் அரை நாள்?"

"பல்லுதான் போயிடுச்சே. இனி அரை நாள் எதுக்கு?" என்று சிரித்தார். அவருக்கு அத்தனை பல்லும் இருந்தது.

"எதுக்கோ. வீட்ல படுத்துத் தூங்கறேன். நான் சிரிச்சுக் குடுத்துட்டேன் இல்ல?"

"போம்மா, பெல்ட் ஓடப்போகுது."

போய் நின்றேன். அந்த ஆள் எனக்கு இன்னும் அரை நாள் லீவு பாக்கி.