மூச்சுக் கூட்டாளி

கண்டக்டர் அக்காவின் போன் அன்று வரவில்லை. மாஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்து, தொடைமேல் வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி வைத்துவிட்டுப் போன தேநீரில் ஆடை கட்டிவிட்டது. மழையோ வெயிலோ, அவர் முகம் கழுவி வருவதற்குள் அந்த அழைப்பு வந்துவிடும். "என்ன மாஸ்டர், வண்டி ஓடுதா?" என்பாள் அக்கா. "ஓடுதுக்கா" என்பார் இவர். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

மாஸ்டர் வாழ்நாளில் பாதியை பேக்கரியில் மாவு சலித்தே கழித்தவர். ரொட்டி எல்லாம் ஊருக்குப் போயிற்று, தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. மார்புநோய் டாக்டர்தான் அவரை அந்தக் குழுவுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், உடற்பயிற்சி அறைக்குப் பக்கத்து அறையில், மூச்சு முட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஆளுக்கொரு கூட்டாளி, தினமும் காலையில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே மூக்கில் குழாயோடு இருந்தவர்களைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். கதவுப் பக்கம் திரும்பியவரைப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது. "உக்காருங்க. டிக்கெட் வாங்கியாச்சு, பாதி வழியில எறங்க முடியாது." அப்படித்தான் கண்டக்டர் அக்கா அவருக்குக் கூட்டாளி ஆனாள். பஸ் புகையிலேயே காலம் தள்ளி, ஓய்வு பெறுவதற்குள் நுரையீரலைத் தொலைத்தவள். மூச்சு வாங்கும்போது என்ன செய்வது என்று நர்ஸ் படம் போட்டு விளக்கியதெல்லாம் மாஸ்டர் மண்டையில் ஏறவில்லை. அக்கா ஒரே வார்த்தையில் சொன்னாள்: "உள்ள இருக்கிறவன் மொதல்ல எறங்கட்டும் மாஸ்டர். அப்பதான் புதுசா ஒருத்தன் ஏற முடியும்." உள்ளே இருக்கும் காற்றை முதலில் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிவிட வேண்டும். அது அவருக்குப் புரிந்தது.

போன வாரம் குழுவில், லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த லேத்துக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. காய்ச்சல் என்றார்கள், பிறகு நிமோனியா என்றார்கள், பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு வட்டத்தை நெருக்கிப் போடச் சொன்னபோது, மாஸ்டருக்குத் தன் நாற்காலியும் ஒருநாள் அப்படி நகர்வது கண்ணுக்குள் ஓடியது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தார். மனைவியிடம் மட்டும் சொன்னார். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அவரே அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தார். அக்காவின் மகன் லாரி ஓட்டுபவன், வெளியூரில் இருப்பான், அவன் எண் இவரிடம் இல்லை. குழு நர்ஸின் போன் அணைந்து கிடந்தது. நாற்காலியைச் சுவரோரம் இழுக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. போகாமல் இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. போய்ப் பார்த்தால்தானே தெரியும், தெரியாமலே இருந்துவிட்டால் என்ன. அந்த நினைப்புக்கே அவர் கூசிப்போனார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் வாடகை வண்டி பிடித்தார்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. முதல் மாடிவரை அவசரத்தில் ஏறிவிட்டார். அதன்பிறகு நெஞ்சைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல் இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இரண்டாவது மாடிக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் அக்காவை அழைத்தார். தலைக்கு மேலே, மூடிய கதவுக்குப் பின்னால், போன் அடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. அப்போது அவருக்கு வந்த பயம் யாருக்கான பயம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாடியில் இருந்த ஒரு வீட்டின் கதவு திறந்தது. குப்பைக்கூடையோடு வந்த பெண் இவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயா, என்ன ஆச்சு? தண்ணி கொண்டு வரவா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, விசில் போல ஒரு சீறல்தான் வந்தது. மேலே கையைக் காட்டினார். அவளோ அவருக்குத்தான் நெஞ்சுவலி என்று நினைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்தாள். நான் இல்லை, நான் இல்லை என்று தலையை ஆட்ட ஆட்ட மூச்சு இன்னும் அடைத்தது. கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கட்டும், முதலில் இறங்கட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உதட்டைக் குவித்தார். ஊதினார். கொஞ்சம் இடம் கிடைத்தது. இன்னொரு முறை ஊதினார்.

"மேல... கண்டக்டர் அக்கா... போன் எடுக்கல."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஐயோ, அவங்க வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு." உள்ளே ஓடிச் சாவியோடு வந்து, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் மாஸ்டர் மீதிப் படிகளை, குழந்தை போலக் கையூன்றித் தவழ்ந்தே ஏறினார்.

அக்கா கட்டிலடியில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் மூக்கில் இருந்தது. ஆனாலும் உதடு நாவல்பழமாகக் கறுத்துப்போய், தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில், தலையணைமேல் போன் கிடந்தது.

சாவி கொண்டுவந்த கீழ்வீட்டுப் பெண் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, "சந்துக்குள்ள வழி தெரியாம சுத்துவாங்க, நான் போய் நிக்கிறேன்" என்று இறங்கி ஓடினாள்.

மாஸ்டர் அக்காவின் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

"போன்... பக்கத்துலதானே... இருக்கு." மாஸ்டர் தலையணையைக் காட்டினார்.

"கேட்டுது." அக்கா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "பாத்ரூம் போயிட்டு வந்தேன். மூச்சு பிடிச்சுக்கிச்சு. அடங்கிடும்னு... பார்த்தேன்."

"எடுத்திருக்கலாம்லக்கா."

அவள் தலையை மெல்ல அசைத்தாள். "இந்தச் சத்தத்தக் கேட்டா... பயந்துடுவீங்க. ஏற்கெனவே... குழுவுக்கு... வரமாட்டேன்னு... இருக்கீங்க."

மாஸ்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மனைவி சொல்லியிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, முகத்தைப் பார்த்தே பயணியை எடைபோட்டவள்.

"உங்களுக்குப் பயமே கிடையாதுன்னு நெனச்சேன்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாகி, இருமல் அவளை மடக்கிப் போட்டது. அடங்கியதும் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். நகம் பதியும் பிடி. "நேத்து ராத்திரி பூரா... லேத்துக்காரர்தான் கண்ணுல. இங்கேயே இருங்க மாஸ்டர். போயிடாதீங்க."

"எங்க போறது. எறங்கி நடக்கக்கூட... தெம்பில்ல."

அந்தப் பிடி தளரவில்லை. மாஸ்டருக்கு அவள் விரல்களின் குளிர் எலும்புவரை தெரிந்தது. தன் கையும் அதே அளவு குளிர்ந்திருப்பதை அவள் உணர்ந்திருப்பாள் என்று நினைத்தார். மறைக்க முயலவில்லை. தெருவில் சைரன் நெருங்கி வந்து நின்றது. படிகளில் கனத்த காலடிகள் கேட்டன.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் அறைக்குள் நுழைந்தார்கள். கீழ்வீட்டுப் பெண் இன்னும் பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள். தரையில் தோளோடு தோள் சாய்ந்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்த இருவரையும் அவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இதுல பேஷண்ட் யாரு?"

பதில் சொல்ல இருவரிடமும் மூச்சு மிச்சமில்லை. பிடித்திருந்த கைகளை விடாமலே, மறுகையைத் தூக்கி, ஒருவர் மற்றவரைக் காட்டினார்கள்.