எலிக்குப் பிடித்த சோப்பு

தினமும் ஒரு சோப்புக்கட்டியின் மூலை மழுங்கிக்கொண்டு வந்தது. டெய்லரம்மாவின் கண்ணுக்கு அது தப்புமா? அளவு பார்த்துத் துணி வெட்டிப் பழகிய கண். சோப்பையும் அவள் நூலால்தான் வெட்டுவாள், மூலைக்கு மூலை கூராக நிற்கும். அப்படிப்பட்ட கட்டியை யாரோ வழவழவென்று உருட்டி வைத்திருந்தால் வயிறு எரியாதா?

அவள் வீட்டிலேயே துணிச்சோப்பு செய்யத் தொடங்கியதற்குப் புருஷன்தான் காரணம். அவர் ஒரு கேன்டீனில் சமையல் மாஸ்டர். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், டின்னோடு வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். எண்ணெயைத் துணியில் வடிகட்டுவாள். தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து ஆறவிடுவாள். இரண்டையும் சேர்த்துக் கை வலிக்கக் கிண்டி, தட்டில் ஊற்றி இறுகவைத்து வெட்டுவாள். வெட்டினதும் எடுத்துத் துவைக்க முடியாது. காரம் அடங்க ஒரு மாதமாவது அலமாரியில் கிடக்க வேண்டும்.

கூடவே இருந்த நாத்தனார், எலி என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். போன வருஷம் இஸ்திரிப்பெட்டி பழுதானதற்கும் அவள் எலிமேல்தான் பழி போட்டாள். எலியென்றால் பல் பதிந்திருக்காதா? டெய்லரம்மாவை அதைவிடக் குடைந்தது இன்னொன்று. பழைய கட்டிகளைச் சீண்டுவாரில்லை. புதிதாக வெட்டிவைத்த, காரம் அடங்காத கட்டிகளுக்குத்தான் ஆபத்து. தொட்டாலே விரல் எரிகிற சாமானில் தேடிவந்து வாய் வைக்கிற ஜீவன் எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தையல் ஓடவில்லை.

கவலைப்பட அவளுக்கு வேறு விஷயமும் இருந்தது. மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து கேன்டீன் சாப்பாட்டில் உப்பு தாறுமாறாகிவிட்டது. ஒருநாள் கரிக்கும், மறுநாள் சப்பென்றிருக்கும். இன்னொரு தடவை குறை வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டால், அடுப்பு சரியில்லை என்பார் மாஸ்டர். ஆடத் தெரியாதவள்தானே கூடம் கோணல் என்றாளாம்? இவர் நன்றாக ஆடத் தெரிந்தவராயிற்றே. வீட்டிலும் ஆள் மாறிப்போயிருந்தார். முன்பெல்லாம் அவள் சமையலில் ஆயிரம் நொட்டை சொன்னவர், இப்போது எதைப் போட்டாலும் சாப்பிட்டு எழுந்து போனார்.

எலியையாவது பிடிப்போம் என்று ஒரு சாயங்காலம் அவள் சொட்டு நீலத்தை எடுத்தாள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். பஞ்சை அதில் நனைத்துப் புதுக்கட்டிகளின் மூலையிலெல்லாம் தடவிவைத்தாள். எலியோ பூனையோ, அதன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் காபியை நீட்டியபோது, வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். நாக்கு இங்க் குடித்த பிள்ளையுடையதுபோல நீலமாக இருந்தது.

"எலி நீங்கதானா?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"காய்ச்சலோட நாக்கும் போயிடுச்சு. உப்பு, இனிப்பு எதுவுமே தெரியல. உன் சோப்பு மட்டும்தான் சுருக்குன்னு குத்துது. அது குத்துற வரைக்கும் நாக்கு சாகலைன்னு ஒரு தைரியம்," என்றார்.

கட்டிகளைத் திருப்பிவைத்த ஒருநாள், சமையல்காரப் பழக்கத்தில் விரலை வாயில் வைத்தாராம். அன்றைக்கு ஆரம்பித்தது. நாக்கு இல்லாத மாஸ்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. கேட்ட டெய்லரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, அழுகை அதையும் முந்திக்கொண்டது. ஒரு மாதம் இந்த மனுஷன் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார், தான் எலி தேடிக்கொண்டிருந்தோமே என்றிருந்தது அவளுக்கு.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து முணுமுணுத்தார். "என்னத்தைத் தடவித் தொலைச்ச? குத்துறதுக்கு முன்னாடியே கசந்து தொலைச்சுது."

சொன்னவருக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. நீலப் புட்டியை எடுத்து ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள். எட்டிக்காயாகக் கசந்தது.

"நிஜமாவே கசக்குதுங்க," என்றாள்.

மாஸ்டர் அவளையே பார்த்தார். பிறகு புட்டியை வாங்கித் தன் நாக்கிலும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். முகம் அஷ்டகோணலாகச் சுளித்தது. புருஷன் மூஞ்சி கோணியதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்டாட்டி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு தடவை சுளிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"கசப்பு வந்துடுச்சுல்ல, உப்பும் வரும். வர்ற வரைக்கும் என் நாக்கை வச்சுக்கங்க. நானும் கேன்டீனுக்குக் கூட வரேன். தையல் கடையை மத்தியானம் திறந்துக்கலாம்."

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவள் செருப்பைத் தேடி எடுக்கும்வரை வாசலில் நின்றார்.

தூங்கி எழுந்து வந்த நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு காலையில் ஜோடியாக எங்கே கிளம்பிவிட்டீர்கள், எலி மாட்டினதா இல்லையா என்று கேட்டாள். இருவரும் நீல நாக்கை உள்ளே வைத்து உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்கள். அவர் இல்லை என்று ஆட்டினார், அவள் ஆமாம் என்று ஆட்டினாள்.