சிவப்புப் புள்ளி இருக்கும் பக்கம்

“பூமியின் ஆழத்தைக் கண்ட ஒரு சகாப்தம் இன்று கண்மூடிவிட்டது” என்றார் பேராசிரியர். சகாப்தத்தின் வலது கண் சரியாக மூடாததால், மகள் அப்போதுதான் ஈரப் பஞ்சை வைத்து இமையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அப்பா ஆய்வுக்கூடத்து மெக்கானிக். முப்பத்தோரு வருடம், பாறையை நசுக்கி உருக்கும் ஒரே அழுத்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவர். அம்மா அதை ‘மூத்தவ’ என்றுதான் சொல்வாள். பேராசிரியரின் கட்டுரைகளில் அப்பா பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. ‘தொழில்நுட்ப உதவிக்கு நன்றி’ என்று கடைசியில் ஒரு வரி வரும். நேற்று மூச்சுத் திணறலுக்கு நடுவிலும், “சார் வந்து பேசுவாருல்ல? பேரு சொல்லுவாரா?” என்றார் அப்பா.

அதனால் காலையில் மகள் அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். “ஒரு தடவை சொன்னாப் போதும் சார்.”

“என்னம்மா, உங்கப்பா பேரு எனக்குத் தெரியாதா?” வாங்கி மடித்துக்கொண்டார்.

பேச்சு இருபதாவது நிமிடத்தைத் தாண்டியது. “அறுநூறு கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறை உருகினால் அந்தக் குழம்பு வைரத்தைவிடக் கனம்; வைரம் மிதக்கும். ஆனால் குழம்பில் கரியமில வாயு கரைந்திருந்தால்? லேசாகிவிடும். வைரம் மூழ்கும். இதை நான்தான் உலகத்துக்குக் காட்டினேன்.” அப்பாவின் தலைமாட்டு மேசையைச் சுட்டினார். அந்தச் சோதனையில் உருகி உறைந்த பாறைத்துண்டு, அவர் கொண்டுவந்து வைத்த ஒரு கண்ணாடிக் கட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. முகப்பில் பித்தளைத் தகடு.

“சோடா மாதிரியா?” என்று மாமா கிசுகிசுத்தார்.

“நுரை இல்ல மாமா. உள்ள கரைஞ்சே கிடக்கும்.”

“கரைஞ்சுட்டா யாரு கண்ணுக்குத் தெரியும்?”

மகளுக்கு எரிச்சலில் காது சூடேறியது. சீட்டை இப்போது எடுப்பார், இதோ எடுப்பார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம் அருமை நண்பரின் ஆன்மா சாந்தி அடையட்டும்” என்று முடித்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார் அவர்.

“முடிஞ்சிடுச்சா?” என்றாள் அம்மா. “பேரு?”

மகள் எழுந்து மேசைக்குப் போனாள். கட்டி ஆடாமலிருக்க அதன் அடியில் முட்டுக் கொடுத்திருந்தது ஒரு காகிதம். அவள் கையெழுத்து.

உருவினாள். கட்டி ஆடியது. அப்போதுதான் உள்ளே பாறைத்துண்டின் அடி விளிம்பில் அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்டாள். அவள் பதினைந்து வயதில் தேடித் தேடி அழுத நகச்சாயம். உறைந்த துண்டில் மேல் எது, கீழ் எது என்று யாருக்கும் தெரியாது. இயந்திரத்திலிருந்து வெளியே எடுக்குமுன் அப்பா மேல் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவார். “மாத்திப் பிடிச்சா மூழ்கினது மிதந்ததா ஆயிடும்மா. அப்புறம் மொத்தமும் பொய்.”

கட்டியில் பதித்திருந்த உருப்பெருக்கி வழியே பார்த்தாள். வைரத் துணுக்கு உச்சியில் மிதந்துகொண்டிருந்தது.

இரண்டு கையாலும் தூக்கிப் புரட்டி வைத்தாள். கட்டி ஆடாமல் நின்றது.

“அதை அப்படி வைக்காதீங்கம்மா” என்று பேராசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “பன்னெண்டு வருஷமா என் ரூம்ல அது அப்படித்தான் இருக்கு.”

“புள்ளி மேல வரணும் சார்” என்றாள்.

புள்ளி மேலே இருந்தது. வைரம் அடியில் கிடந்தது. பித்தளைத் தகட்டில் பேராசிரியரின் பெயர் தலைகீழாக இருந்தது.