ஒற்றைக் கோடு

நூற்றிருபத்தொன்பது மணி நேரமாக இயேசுதாசன் அங்கிள் தம் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. கொவிட் விதிப்படி எழுபத்திரண்டு மணி நேரம் போதும். அதன்பின் பரிசோதனைக் கருவியில் தொற்று இல்லை என்று ஒற்றைக் கோடு வந்தால் கதவைத் திறந்துகொள்ளலாம். அவருக்குப் புதன்கிழமை காலை பத்து மணிக்கே ஒற்றைக் கோடு வந்துவிட்டது. இன்று வெள்ளி, மாலை ஆறு.

இது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வீட்டில் தனிமையில் இருப்பவர்களுக்கு இணையத்தில் மனநல ஆதரவு தரும் ஒரு குழுவில் நான் தொண்டூழியர். படித்தது நுண்ணுயிரியல். பீட்சா ஆர்டர் செய்யக்கூட அண்ணனைப் பேசச் சொல்பவள். என்னைச் சேர்த்துவிட்ட ஷார்லீன் அக்கா சொன்னார்: "உனக்கு நல்லா செட் ஆகும் லா. கேமரா ஆஃப். அட்வைஸ் கூடாது, சிரிக்கக் கூடாது. அவங்க ஃபீலிங்கைத் திருப்பிச் சொல்லு, போதும்."

அங்கிள் சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ள தம் வீட்டிலிருந்து தினமும் அழைப்பார். அறையோடு சேர்ந்த கழிவறையில், மூடிய கோப்பையின் மேல் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவார். அறைக்கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி பிலோமினா ஆன்ட்டி இருப்பார்.

"முப்பத்தோரு வருஷம் மா. சாவி எங்க, பால் இருக்கா, ஃபேன ஆஃப் பண்ணு. அவ்வளவுதான் பேசுவோம். இப்ப கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கதை கதையா சொல்றா. சின்ன வயசுல தேக்கா மார்க்கெட்ல வாங்குன நண்டு, பையிலேர்ந்து எறங்கி பஸ்ஸுக்குள்ள ஓடுச்சாம். டிரைவர் பஸ்ஸ நிறுத்திட்டு சீட்டு மேல ஏறிட்டாராம். எனக்குத் தெரியவே தெரியாது! அவ சிரிச்சா கடைசில ஒரு விக்கல் வரும். அதுவும் தெரியாது."

"வெளிய வந்தா இது நின்னுடும்னு பயப்படுறீங்க," என்று திருப்பிச் சொன்னேன்.

"நான் டிவி முன்னாடி, அவ கிச்சன்ல. முடிஞ்சிச்சு."

அதனால், இன்னும் இரண்டு கோடுதான் என்று ஆன்ட்டியிடம் சொல்லி வந்தார்.

இன்று ஆன்ட்டி கடைக்குப் போயிருந்தார். அங்கிள் தைரியமாகக் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் பேசினார். குரலில் மட்டும் தைரியம் இல்லை.

"காலையிலேர்ந்து அவ சிரிக்கல மா. ஆறு நாளாகியும் சரியாகலன்னு அழுவுறா. ஏழு மணிக்கு சர்ச் ஸூம்ல நாப்பது பேர் என் நுரையீரலுக்கு ஜெபமாலை சொல்லப் போறாங்க. நாளைக்கு ஆம்புலன்ஸாம்."

"குற்ற உணர்ச்சியா இருக்கு உங்களுக்கு."

"நுரையீரல் நல்லாத்தான் மா இருக்கு. மத்தியானம் இருபது ஸ்குவாட் போட்டேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் கேமராவைத் திருப்பினார். கட்டிலருகே இருந்த பல் துலக்கும் குவளையில் ஐந்து பரிசோதனைக் கருவிகள் பிரஷ்களோடு பிரஷ்களாக நின்றன. ஐந்திலும் ஒற்றைக் கோடு.

"குப்பையில போட்டா பாத்துருவா. ரெண்டு கோடு வந்தா நிம்மதியா இருக்கலாமேன்னு காலையும் சாயந்தரமும் செஞ்சு பாக்குறேன். வர மாட்டேங்குது."

நான் சிரித்துவிட்டேன். மூக்கிலிருந்துகூட ஒரு சத்தம் வந்தது. நிறுத்த முடியவில்லை.

"ஏங்க!" கதவுக்கு வெளியே ஆன்ட்டியின் குரல். "உள்ள யாரு? பொம்பள சிரிக்கிற சத்தம் கேக்குது!"

குவளை விழுந்தது. போனும் விழுந்தது. எனக்கு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"யாருமில்ல பிலோமினா! போன்ல... கவுன்சிலிங் பொண்ணு!"

"கவுன்சிலிங்கா? மாதாவே! டாக்டர் என்னங்க சொன்னாரு? எங்கிட்ட என்னமோ மறைக்கிறீங்க!" அழுகை தொடங்கிவிட்டது.

அங்கிளின் முகம் திரையில் மறுபடி வந்தது. என்ன செய்ய என்று கேட்டது. அறிவுரை கூடாது. முதல்முறையாகக் கேமராவை ஆன் செய்தேன். காது வரை சூடேறிய முகத்தோடு, கையை நீட்டிக் கதவு இருந்த பக்கத்தைக் காட்டினேன்.

அவர் எழுந்தார். போன் அவர் கையில் தலைகீழாகத் தொங்கியது. தாழ்ப்பாள் சத்தம்.

"தொறக்காதீங்க! மாஸ்க் எங்க?"

"வேணாம். புதன்கிழமையே நெகட்டிவ்."

அழுகை பாதியில் நின்றது. திரையில் இரண்டு ஜோடிக் கால்கள், நடுவில் ஒரு காய்கறிப் பை.

"புதன்கிழமையா? அப்ப மூணு நாளா நான் வச்ச கஞ்சி?"

"குடிச்சேனே."

"நாப்பது பேருக்கு லிங்க் அனுப்பிட்டேங்க! நான் என்ன சொல்றது?" ஆன்ட்டியின் கால் ஒன்று தரையில் உதைத்தது. "நல்லா இருக்குற மனுஷன் எதுக்கு உள்ளயே கெடந்தீங்க?"

நீட்டிய கையை நான் இன்னும் இறக்கவில்லை.

"நீ பேசுறது கேக்க எனக்குப் பிடிச்சிருந்துச்சு, பிலோமினா."